டென்மார்க் மாடுகளும் என் தொண்டையும்

டென்மார்க்கில் மூவாயிரம் பசுக்கள் என் குரலைக் கேட்காமல் ஒரு சொட்டுப் பால் விடாது.

இதை ஈப்போவில் எந்தக் காப்பிக் கடையில் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள், அப்புறம் நான் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று விசாரிக்கிறார்கள். என் மனைவி சிட்டாள் விசாரிப்பதுகூட இல்லை. நேரே போய் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்க்கிறாள்.

மூவாயிரம் என்பது கொஞ்சம் தாராளமான கணக்குதான். என் நண்பர் ஸ்கந்தராஜா பக்கத்தில் இருந்தால் அதை முந்நூறாக்கி, அந்த முந்நூற்றையும் நேரில் போய் எண்ணிவிட்டு வரவேண்டும் என்பார். அரசாங்கத்தில் கணக்காய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் சொல்வதை நம்பாமல் இருப்பதுதான் அவருடைய உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகு அந்த உத்தியோகத்தை முழு நேரமும் என்னிடம் பார்க்கிறார். வெளியே மழை பெய்கிறது என்று நான் சொன்னால், எழுந்து போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, ஈரக் கையோடு வந்து உட்கார்ந்து, "தூறல்" என்பார்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுருக்கம் எனக்கு வராது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பெயர் நாச்சியப்பன். ஈப்போவுக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் ஒரு சிறிய ஆலை வைத்தேன். பெயர் அபிராமி ரப்பர். தோட்டத்தில் இருந்த ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டார்கள், செம்பனையை வெட்டி வீடு கட்டினார்கள், நடுவில் என் ஆலை மட்டும் நின்றது. ரப்பர் தோட்டத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு ரப்பரைத் தாய்லாந்திலிருந்து லாரியில் வரவழைத்த முதல் மேதை நான்தான். அதுதான் என்னுடைய முதல் அனைத்துலக வியூகம்.

நாங்கள் செய்தது காம்பு உறை. பால் கறக்கும் இயந்திரத்தில், பசுவின் காம்பைப் பிடித்துக்கொள்ளும் ரப்பர்க் குழாய். கல்யாண வீட்டில் யாராவது என்ன தொழில் என்று கேட்டால், ஏற்றுமதி என்று சொல்லிவிட்டு வடையைக் கடித்துக்கொள்வேன். மேலே கேட்டால் இன்னொரு வடை.

என் நிர்வாகத் திறமையையும் மறைக்கக் கூடாது. என் காலத்தில் அபிராமி ரப்பரின் தகவல் தொழில்நுட்பம் என்பது ஃபேக்ஸ் இயந்திரம். தூசு படாமல் அதற்கு மெரூன் வெல்வெட்டில் உறை தைத்துப் போட்டிருந்தேன். ஃபேக்ஸ் வரும்போது உறையை எடுக்க மறந்து, பாதி ஆர்டர்கள் வெல்வெட்டுக்குள்ளேயே சுருண்டு கிடந்தன. வெளிநாட்டு வாடிக்கையாளரைத் தக்கவைக்க நான் கண்டுபிடித்த வழி முருகன் படம் போட்ட நாட்காட்டி. ஹாலந்தில் ஒரு பண்ணைக்காரர் பல வருஷம் வேலாயுதத்தையும் மயிலையும் பார்த்தபடிதான் தேதி கிழித்தார். அப்புறம் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். நாட்காட்டி மட்டும் தொடர்ந்து அனுப்பச் சொன்னார்.

இந்த நிலையில்தான் என் மகள் கவிநயா ஆலையை எடுத்துக்கொண்டாள். என்னை ஆலோசகராக உயர்த்தி, மின்விசிறி உள்ள, கணினி இல்லாத அறை ஒன்றைக் கொடுத்தாள்.

அவள் எடுத்துக்கொண்ட நேரம் நல்ல நேரம் இல்லை. மூன்று கண்டங்களில் ஆலை வைத்திருந்த ஒரு பெரிய கம்பெனி எங்கள் சந்தைக்குள் வந்தது. அதன் பெயரைச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் ரத்த அழுத்தம் ஏறும், அதனால் ஆலையில் எல்லாரும் அதை யானை என்றே சொல்வோம். நாங்கள் ஒரு உறை செய்வதற்குள் யானை ஒரு பெட்டி நிறைய உறை செய்து, பாதி விலைக்குக் கொடுத்தது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். மிஞ்சியது டென்மார்க்கில் ஒரு பால் பண்ணைக் கூட்டுறவு மட்டும். அதுவும் போனால் ஆலையை மூடவேண்டியதுதான். வீடு கட்டுகிற கம்பெனிக்காரர் ஒருவர் அடிக்கடி வந்து எங்கள் வேலியைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்துவிட்டுப் போனார். அச்சு இயந்திரத்தில் நிற்கிற காளியம்மா, அதே நிலத்தில் ரப்பர்ப் பாலுக்காக மரம் சீவிய பாட்டியின் பேத்தி. அவளுக்குப் போக வேறு இடம் இல்லை. கவிநயாவுக்கு ராத்தூக்கம் இல்லை. எனக்குப் பகல் தூக்கம்கூட சரியாக வரவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

நான் ஒரு யோசனை சொன்னேன். நாட்காட்டியைப் பெரிதாக்கலாம் என்றேன். அப்பாவை அப்பச்சி என்று கூப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். கவிநயா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"அப்பச்சி, ரப்பர வித்தா யானையோட வெலையில சண்டை போடணும். அதுல தோத்துருவோம்லா. ரப்பர் எப்போ தேயும்னு சொல்றத வித்தா? அந்தக் கடையில யானை இன்னும் வந்து நிக்கல."

விஷயம் இதுதான். காம்பு உறை தேய்ந்தால் மாட்டுக்கு வலிக்கும், நோய் வரும். எப்போது தேய்ந்தது என்பது பண்ணைக்காரருக்குத் தெரியாது. கவிநயா ஒரு சின்னப் பெட்டி செய்யச் சொன்னாள். தொழுவத்துச் சுவரில் அதை மாட்டிவிட்டால், எத்தனை முறை கறந்தார்கள், உறை எவ்வளவு உழைத்தது என்று பார்த்து, ஈப்போவுக்குச் சேதி அனுப்பும். மாற்ற வேண்டிய நேரம் வரும்போது புதிய உறை ஏற்கெனவே கப்பலில் இருக்கும். உலகம் முழுக்க விற்க வேண்டாம், டென்மார்க்கில் மட்டும், அந்த ஒரு கூட்டுறவில் மட்டும் வேரூன்றினால் போதும் என்றாள். கூட்டுறவின் பொறுப்பாளர் கிர்ஸ்டன் என்ற அம்மாள் ஒப்புக்கொண்டார். பாதித் தொழுவங்களில் எங்கள் பெட்டியும் உறையும், மீதிப் பாதியில் யானையின் உறை. எது நன்றாக இருக்கிறதோ அதற்கே முழு ஒப்பந்தம்.

பெட்டிக்கு மூளை வைத்தவன் அருண்பிரகாஷ். தாப்பாவிலிருந்து வந்த பையன், மென்பொருள் படித்தவன், என்னைப் பார்த்தால் கணினியை மெதுவாக மறுபக்கம் திருப்பிக்கொள்வான்.

இங்கேதான் நான் கதைக்குள் வருகிறேன்.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம். புதிதாக எது செய்தாலும் முதல் கை என்னுடையது. என் கை ராசியான கை என்று என் ஆத்தா சொன்னதை நான் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். புதிய அச்சு வந்தால் நான்தான் முதல் உறையை எடுப்பேன், புதிய லாரி வந்தால் நான்தான் முதல் எலுமிச்சம்பழத்தை நசுக்குவேன். ஆயுத பூஜை அன்று பெட்டிக்குச் சந்தனம் வைத்து, சர்வருக்குப் பொட்டு வைத்து, சாம்பிராணி போட்டபோது நானும் வேட்டியோடு போய் நின்றேன். மென்பொருளில் தொட்டு வைக்க ஒன்றும் இல்லை என்று அருண்பிரகாஷ் தயங்கினான். தொட ஒன்றும் இல்லாவிட்டால் குரலை வைத்துக்கொள் என்றேன். கறக்கத் தொடங்கும் முன்பு மாடுகளுக்கு அறிவிப்பாகப் பெட்டி ஒரு சத்தம் கொடுக்க வேண்டும், அந்த இடம் இன்னும் காலியாக இருந்தது. அவன் ஒலிவாங்கியை நீட்டினான்.

தேவாரம் பாடலாம் என்றுதான் போனேன். ஒலிவாங்கியைப் பார்த்ததும் தேவாரம் பாடிய மூவரும் என்னைக் கைவிட்டுவிட்டார்கள். சின்ன வயதில், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதையில் போகாமல், தோட்டத்துத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் மாடு வளர்த்த முத்தம்மாவின் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தவன் நான். அவள் மாட்டை அழைப்பது போலவே வாயில் வந்தது. "பா... பா... வாம்மா லெச்சுமி... கால நகட்டு... நல்ல புள்ள..." அந்த நேரம் பார்த்துச் சாம்பிராணிப் புகை தொண்டையில் இறங்கி, இருமி முடித்தேன். என் இருமலைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். முதலில் வெடி, அப்புறம் அதன் எதிரொலி, கடைசியில் ஒரு "ஹ்க்கும்".

எல்லாரும் கைதட்டினார்கள். பெட்டி அனுப்புவதற்குள் அதை எடுத்துவிட்டு நல்ல மணிச் சத்தம் போட வேண்டும் என்பது அருண்பிரகாஷின் திட்டம். ஆனால் பூஜையில் வைத்த பெரியவரின் குரலை அழிக்க அவனுக்குக் கை வரவில்லை. கவிநயா அழிக்கச் சொல்வாள் என்று அவன் காத்திருந்தான், அவன் ஏற்கெனவே அழித்திருப்பான் என்று கவிநயா நினைத்திருந்தாள். உலகத்தில் வேறு எந்த மென்பொருள் கம்பெனியிலும் இந்தத் தவறு நடந்திருக்காது. கப்பல் கிள்ளான் துறைமுகத்திலிருந்து புறப்பட்டபோது ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நான் உட்கார்ந்திருந்தேன்.

சில மாதங்களில் சேதி வந்தது. எங்கள் தொழுவங்களில் பால் கூடியிருக்கிறது. யானையின் பக்கம் அப்படியே இருக்கிறது. கவிநயா வரைபடங்கள் போட்டாள், அருண்பிரகாஷ் தன் கணக்குமுறையைப் பற்றிக் கோலாலம்பூரில் போய்ப் பேசிவிட்டு வந்தான். எல்லாம் என் கைராசி என்று நான் காப்பிக் கடையில் சொன்னேன். ஸ்கந்தராஜா பாலும் சீனியும் இல்லாத தன் காப்பி ஓவை, கலக்க ஒன்றும் இல்லாமலே கலக்கினார்.

"உம்மட கைக்கும் டென்மார்க் மாட்டுக்கும் என்ன தொடர்பு, நாச்சி? ஆதாரம் இருக்கோ?"

ஆதாரம் என்ற சொல்லே எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொன்னேன்.

ஒப்பந்த முடிவுக்கு முந்திய வாரம், கிர்ஸ்டன் அனுப்பிய ஒரு காணொளியில் கவிநயா முதல் முறையாகத் தொழுவத்தின் சத்தத்தைக் கேட்டாள். வெள்ளையும் கருப்புமாகப் பசுக்கள், எஃகுக் கம்பிகள், சுத்தமான தரை, அதன் நடுவில் அவளுடைய அப்பச்சி இருமுகிறார். அவள் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். அனைத்துலகத் தரம் என்று ஊரெல்லாம் பேசிய பொருளில் சளி. கிர்ஸ்டனோ அது ஏதோ மலேசிய மந்திரம் என்று நினைத்து மரியாதைக்காகக் கேட்காமல் இருந்திருக்கிறார். கவிநயா அன்றைக்கே அருண்பிரகாஷைக் கூப்பிட்டுப் புதிய பதிப்பை அனுப்பச் சொன்னாள். என்னை எடுத்துவிட்டு, மூன்று ஸ்வரத்தில் இனிமையான ஒரு மணி. நான் கோபித்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டை ஒத்திப்போட்டேன், இரண்டு மணி வரைக்கும்.

மறுநாள் காலை நானும் ஸ்கந்தராஜாவும் காப்பிக் கடையில் இருந்தோம். இங்கே காப்பி ஆறுகிற நேரம், அங்கே விடியற்காலைக் கறவை. கைப்பேசியில் கவிநயா.

"அப்பச்சி, தொண்டை நல்லா இருக்கா?"

என் தொண்டையை அடக்கச் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம், நலம் விசாரித்தது அதுவே முதல் தடவை. உடனே பயந்துவிட்டேன். அவள் மூச்சு வாங்காமல் சொன்னாள். புதிய மணிச் சத்தம் அங்கே போய்ச் சேர்ந்ததிலிருந்து மாடுகள் நின்று திரும்பித் திரும்பிப் பார்க்கின்றன. சுரப்பு விடவில்லை. மடி கனத்து நிற்கின்றன. என்ன மாற்றினீர்கள் என்று கிர்ஸ்டன் கேட்கிறார், மாற்றியது உங்கள் குரல் ஒன்றுதான். பழைய பதிப்பைத் திருப்பி அனுப்பினால் எல்லாப் பெட்டியும் வாங்கிக்கொள்ள மாலையாகிவிடும். இந்தக் கறவை கெட்டால் மாடுகளுக்கும் வினை, ஒப்பந்தத்துக்கும் வினை. கிர்ஸ்டன் கைப்பேசியைத் தொழுவத்து ஒலிபெருக்கியில் இணைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

"ஒரு தடவ கூப்புடுங்க அப்பச்சி. அன்னைக்கு மாதிரியே."

கைப்பேசியை, ரொட்டியில் தடவுகிற காயா போத்தலில் சாய்த்து வைத்தேன். கவிநயா அழைப்பில் சேர்த்ததும் திரையில் ரப்பர் பூட்ஸ் போட்ட கிர்ஸ்டன், அவருக்குப் பின்னால் வரிசையாகப் பசுக்கள். கடை முதலாளி தவுக்கே வானொலியை நிறுத்தினார். பக்கத்து மேசைச் சீனப் பெரியவர் பத்திரிகையை மடியில் இறக்கினார். எனக்கு இத்தனை பெரிய சபை அதுவரை கிடைத்ததில்லை. ஆகவே வேண்டியதற்கு மேலேயே செய்தேன். முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி, லெச்சுமியை நாலு சங்கதி போட்டு இழுத்து, "நல்ல புள்ள"யில் ஒரு நடுக்கம் கொடுத்து முடித்தேன். முத்தம்மா கேட்டிருந்தால் மாட்டை ஓட்டிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போயிருப்பாள்.

மாடுகள் அசையவில்லை. முன்வரிசையில் ஒரு பசு என்னைப் பார்த்தது. நான் பேசும்போது சிட்டாள் பார்க்கிற அதே பார்வை.

இன்னொரு முறை செய்தேன், சுருதி ஏற்றி. கிர்ஸ்டன் தலையை ஆட்டினார்.  கைப்பேசியில் கவிநயாவுக்குப் பின்னால் காளியம்மாவின் அச்சு இயந்திரம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் காப்பியை எடுத்து ஒரு வாய் வைத்தேன்.

ஸ்கந்தராஜா மெதுவாகச் சொன்னார்.

"இந்தக் கடையில உம்மை நம்பாத ஆள் நான் மட்டும்தான் எண்டு நினைச்சன். மாடும் சேந்திட்டுது."

அழ வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. வாயில் இருந்த காப்பி போகக் கூடாத வழியில் போனது. இருமினேன். வெடி, எதிரொலி, "ஹ்க்கும்".

திரையில் காதுகள் எழுந்தன. முதலில் முன்வரிசை, அப்புறம் அடுத்த வரிசை. மாடுகள் காலை அகற்றி நின்றன. கண்ணாடிக் குழாயில் பால் நுரைத்து ஏறியது. கிர்ஸ்டன் கையை உயர்த்தி, இன்னும், இன்னும் என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. என் அழைப்பும் வேண்டாம், குரலும் வேண்டாம். இத்தனை மாதமாக இருமல் முடிந்தவுடன்தான் இயந்திரம் இழுக்கத் தொடங்கியிருக்கிறது. மாடுகள் அந்தச் சளியைத்தான் மணியாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. உலகச் சந்தையில் அபிராமி ரப்பரின் பலம் என் கையில் இல்லை, வாயிலும் இல்லை, அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தது.

கிர்ஸ்டன் கைப்பேசியோடு அடுத்த தொழுவத்துக்குப் போனார், அப்போது எனக்கு இருமல் வரவில்லை. தினமும் காலையில் தானாக வருகிற இருமல், வேண்டும் என்றபோது அந்தப்புர மகாராணி மாதிரி ஒளிந்துகொண்டது. வேண்டுமென்றே இருமிப் பார்த்தேன். மாடுகள் போலியைக் கண்டுபிடித்துவிட்டன. கவிநயா கெஞ்சினாள். அப்போது ஸ்கந்தராஜா எழுந்தார். அரைவேக்காட்டு முட்டைக்கு வைத்திருந்த வெள்ளை மிளகுத்தூள் டப்பாவை எடுத்தார், இதற்கு நான் பொறுப்பில்லை என்று முன்கூட்டியே அறிவித்தார், என் மூக்குக்கு நேரே தட்டினார்.

அன்று காலை டென்மார்க்கில் எல்லாத் தொழுவமும் கறந்து முடிந்தது. மிளகுத்தூளும் முடிந்தது. தவுக்கே எனக்கு இலவசமாகச் சுடுதண்ணீர் கொடுத்தார். ஸ்கந்தராஜா டப்பாவைத் துடைத்து வைத்துவிட்டு, தற்செயல் என்றார்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு நீட்டியிருக்கமாட்டேன். முடிவு எடுக்கும் நாள் வந்தது. கூட்டம் காணொளியில் என்பதால் அருண்பிரகாஷ் தன் கணினியை என் அறைக்குக் கொண்டுவந்து வைத்தான். கவிநயா நடந்த எல்லாவற்றையும் கூட்டுறவுக் குழுவுக்கு ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். குழுத் தலைவருக்கு வெள்ளைப் புருவம், சந்தேகப் பார்வை. யாரோ ஒரு கிழவர் இருமினார், மாடு பால் விட்டது என்று நான் எப்படி நம்புவது, விலை குறைந்தவரிடமே போய்விடலாமே என்றார். கிர்ஸ்டன் எங்களுக்காகப் பேசிப் பார்த்தார். கம்பெனிக்குச் சம்பந்தம் இல்லாத ஒருவர் பார்த்தது உண்டா என்று தலைவர் கேட்டார்.

எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினோம். ஆலோசகரின் அறையில், கழுத்துப்பட்டை கட்டி, என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் ஸ்கந்தராஜா. கவிநயாதான் அழைத்து வந்திருந்தாள். வரும்போதே காரில் என்னிடம் சொல்லிவிட்டார், தான் கண்டதைத்தான் சொல்வாராம், கண்டதற்கு மேல் ஒரு சொல்கூடச் சொல்லமாட்டாராம். கண்டதே போதும் ராஜா, எனக்காக ஒன்றும் கூட்ட வேண்டாம் என்றேன். எனக்காகக் கூட்டுவது என் வேலை.

ஸ்கந்தராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்தார். அரசாங்க ஆங்கிலத்தில் தொடங்கினார். நாச்சியப்பனை நீண்ட காலமாக அறிவேன் என்றார். கிந்தா ஆற்றில் முதலையைக் கையால் பிடித்ததாக இவர் சொல்லியிருக்கிறார், கேமரன் மலையிலிருந்து பிரேக் இல்லாத லாரியைப் பின்பக்கமாக ஓட்டி வந்ததாகவும் சொல்லியிருக்கிறார், இரண்டையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை என்றார். கவிநயா கண்ணை மூடிக்கொண்டாள். கதவோரத்தில் அருண்பிரகாஷும் காளியம்மாவும் நின்றார்கள். வேலிக்கு வெளியே அந்த வீடு கட்டுகிற கம்பெனிக்காரர் சிரிப்பதைப் பார்ப்பது போல எனக்கு இருந்தது.

"ஆனால் இது நடந்தது," என்றார் அதே ஆங்கிலத்தில். "முதலில் அழைத்தார், மாடுகள் அசையவில்லை. இருமினார், பால் வந்தது. திரும்பத் திரும்ப வந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்."

தலைவர் எதையோ எழுதிக்கொண்டார். அப்புறம் கவிநயாவைப் பார்த்து, யானையும் நாளைக்கு இதே பெட்டியைச் செய்துவிடுமே, உங்களிடம் அப்போது என்ன இருக்கும் என்று கேட்டார்.

"பெட்டியை மூன்று மாதத்தில் நகல் எடுத்துவிடுவார்கள்," என்றாள் அவள். "கணக்குமுறையை ஆறு மாதத்தில். எங்கள் அப்பாவின் இருமலுக்கு அவர்கள் எங்கே போவார்கள்?"

வெள்ளைப் புருவம் கடைசியில் சிரித்துவிட்டது. ஒப்பந்தம் எங்களுக்கு. எல்லாத் தொழுவத்துக்கும், பழைய சத்தத்தோடு. காளியம்மா கதவோரத்திலிருந்து போய் அச்சு இயந்திரத்தைப் போட்டாள், அந்தச் சத்தம் அறைவரை வந்தது. கவிநயா என் தோளில் சாய்ந்துகொண்டு, சிகரெட் பக்கம் போகாமலே இந்த இருமலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

நான் ஸ்கந்தராஜாவை விடவில்லை. டென்மார்க்காரனிடம் ஆங்கிலத்தில் சொன்னது அவனுக்கு, எனக்குத் தமிழில் வேண்டும் என்று வழிமறித்து நின்றேன். கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார், மேலே மின்விசிறியைப் பார்த்தார், தப்ப வழியில்லை என்று கண்டார்.

"மூவாயிரம் மாடு இல்ல, அதை முதல்ல திருத்தும்," என்றார். "மற்றது நடந்ததுதான், நாச்சி. மிளகுத்தூள் என்ர கையிலதானே இருந்தது."